மெழுகைக் கடித்துக்கொண்டு படித்த எக்ஸ்ரே படங்கள்

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்ரே வேலை படிக்கிற நீங்கள் நாலு பேரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் மகள் எல்லோர் முன்னாலும் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, எக்ஸ்ரே வேலையில நீங்க செஞ்ச பெரிய பிழை என்ன?" நான், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, அப்பளம் எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்களும் அப்பளம் எடுத்துக்கொண்டீர்கள். உங்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான் யோசித்தேன். நாளைக்கு ஒரு நோயாளியின் படத்தைக் கையில் பிடிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அப்பளத்தைக் காட்டி மழுப்பியது சரியில்லை. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழையை மகள் திருத்தலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பதுளைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் கடைசி. தேயிலைத் தோட்டங்களிலிருந்து, ஒப்பந்தப்படி இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போகிறவர்கள் கிழமைக்குக் கிழமை ரயில் ஏறிக்கொண்டிருந்த காலம். நான் நெஞ்சுப் பகுதியில் எக்ஸ்ரே உதவியாளன். ஆட்களை வரிசையில் விடுவது, சங்கிலியும் தாயத்தும் கழற்றச் சொல்வது, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது, இருட்டறையில் படத்தைக் கழுவிக் காயப் போடுவது எல்லாம் என் பாடு.

இன்னொரு வேலையும் இருந்தது. பெண்களின் பின்னலைத் தூக்கி உச்சியில் கட்டச் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நல்ல கனத்த பின்னல். மலையில் மழையும் பனியும் போதாதென்று தலை நிறைய தேங்காய் எண்ணெய். அந்த ஈரப் பின்னல் தோளில் கிடந்தால், படத்தில் காரை எலும்புப் பக்கம் வெள்ளையாக ஒரு நிழல் விழும். பார்த்தால் காசநோய் மாதிரியே இருக்கும்.

அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை. ஒரு லொறி நிறைய ஆட்கள் வந்து இறங்கினால், பத்துப் பேருக்குச் சொல்வேன், பதினோராவது ஆளுக்கு மறந்துபோகும். பிழையின் முதல் பாதி இது.

எங்கள் பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நெஞ்சுப் படம் படிப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டச் சொல்லிவிட்டு ஆறடி தள்ளிப் போய் நின்று ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கிட்ட வந்து ஒரு பார்வை. மேலே காரை எலும்புப் பக்கம் வெள்ளை தெரிந்தால், திரும்பாமலே என்னைக் கேட்பார்.

"மயிரோ?"

எங்கள் பக்கம் அது வைகிற வார்த்தை. அவர் ஊரில் அது வெறும் தலைமுடி. பின்னலைக் கட்டச் சொல்ல நான் மறந்திருந்தால் பதில் பேச மாட்டேன். வெட்கம். தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அவரும், "ம், மயிர்தான்" என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார். கட்டி எடுத்த படமாக இருந்தால், "இல்லைங்க ஐயா, கட்டித்தான் எடுத்தேன்" என்று சத்தமாகச் சொல்வேன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை. ஏழு வருஷம் இப்படியே போனது. நான் பேசினால் நோய், பேசாவிட்டால் பின்னல். இதை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்குமே இப்படி ஒரு முறை இருப்பது தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இப்படி இருக்கும்போது சின்ன டொக்டர் வந்து சேர்ந்தார். பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியின் மகன். சீமையில் படித்துவிட்டு ஆராய்ச்சிக்காக ஊருக்கு வந்திருந்தார். கைதேர்ந்த டொக்டர் ஒருவர் எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும்போது அவர் கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த ஆராய்ச்சி. கண்டுபிடித்தால் புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு அதே வழியைச் சொல்லிக் கொடுக்கலாம். நல்ல எண்ணம். இப்போது இதற்குக் கம்ப்யூட்டர் இருக்கிறதாம், மூக்குக் கண்ணாடி மாதிரி மாட்டிக்கொண்டால் போதுமாம். அன்றைக்கு அப்படி இல்லை.

மெசினில் பாதி சீமையிலிருந்து பெட்டியில் வந்தது. மீதி அவருடைய வாப்பாவின் இரும்புக்கடையிலிருந்து வந்தது. சைக்கிள் லைட், கதவுக் கீல், திரைச்சீலைக் கம்பி. தாடையை வைக்க ஒரு கிண்ணம், நெற்றிக்கு ஒரு தோல் பட்டி, பல்லால் கடித்துக்கொள்ள மெழுகு பூசிய ஒரு கட்டை. தலை இம்மியும் அசையக் கூடாது. சின்ன வெளிச்சம் ஒன்று கண்ணில் பட்டுத் திரும்பும், அதை ஒரு சினிமாக் கெமரா பிடிக்கும். அந்த பிலிமைக் கழுவிச் சுவரில் போட்டால், நெஞ்சுப் படத்தின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு ஓடும். பொட்டு நிற்கிற இடம்தான் கண் நிற்கிற இடம்.

பெரிய டொக்டர் மெசினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தம்பி, இது கண்ணைப் பாக்கிற மெசினோ, பல்லுப் பிடுங்கிற மெசினோ?"

"கண்ணப் பாக்கத்தான் சேர். தலை ஆடாம ஈக்கணும்."

"நான் தள்ளி நிண்டெல்லோ பாக்கிறனான்?"

"அது ஏலாது சேர். ஒக்காந்துதான் பாக்கணும்."

"கதைக்கலாமோ?"

"வாயில கட்டை ஈக்குமே சேர்."

பெரிய டொக்டர் என் பக்கம் திரும்பினார். "ஐசே, எழும்பாமல், ஆடாமல், கதைக்காமல் படம் படிக்க வேணுமாம். செத்தாப் பிறகு வந்து படிக்கிறன் எண்டு சொல்லும்."

ஆனாலும் சம்மதித்தார். அவருக்கும் தன் கண் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இதற்கென்று தனியாக நேரம் தர முடியாது, அன்றன்றைக்குப் படிக்க வேண்டிய படங்களையே மெசினுக்குள் உட்கார்ந்து படிப்பார். "வெளியில சனம் காத்துக்கொண்டு நிக்குது." வாய் பேச முடியாததால் விரலால் முடிவு சொல்வது என்று பேசிக்கொண்டோம். ஒரு விரல் என்றால் ஒன்றுமில்லை. இரண்டு விரல் என்றால் நோய் இருக்கிறது. மூன்று விரல் என்றால் மறுபடி எடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து கொப்பியில் பெயருக்கு நேராக எழுத வேண்டும்.

சீமை மெழுகு ஒரே கிழமையில், ஏழே நாளில் தீர்ந்தது. பசறைப் பக்கம் தேன் எடுக்கும் ஆள் ஒருவரிடம் தேன்மெழுகு வாங்கிப் பூசினோம். தேனைச் சரியாகப் பிழியாத மெழுகு. அடுத்த நாள் காலையில் நான் அதைக் கவனிக்கவில்லை. பெரிய டொக்டர் உட்கார்ந்தார், பட்டியை மாட்டினார், கட்டையைக் கடித்தார். முதல் படத்தை வைத்தேன். ஒரு விரலும் இல்லை, இரண்டு விரலும் இல்லை. ஐந்து விரலையும் விரித்தார். "ம்ம்! ம்ம்!" என்றார். பிறகு இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்தார். நான் "10" என்று எழுதினேன். கெமராவுக்குப் பின்னால் இருந்து சின்ன டொக்டர், "ஆடாதீங்க சேர், நல்லா வருது, நல்லா வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டையைத் துப்பிவிட்டு எழுந்தபோதுதான் பார்த்தோம், உதடு முழுக்கச் சிவப்பெறும்பு.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து என் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"பத்து எண்டு எழுதிப்போட்டீரோ?"

"ஆமாங்க ஐயா."

"பத்தெண்டால் என்ன வருத்தம் எண்டு நினைச்சீர்?"

"தெரியலைங்க. பெரிய நோயா இருக்கும்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து, கட்டையைக் கடித்துக்கொண்டு அவர் "ம்ம்" என்று சத்தம் போட்டால், நான் முதலில் எறும்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் மத்தியானம் இருட்டறையில் சின்ன டொக்டர் அந்த பிலிமை ஒவ்வொரு கட்டமாகச் சுவரில் போடுவார். நான் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண்ணெய்த் தாளைச் சுவரில் ஒட்டி, வெள்ளைப் பொட்டு இருக்கும் இடத்தில் பேனையால் புள்ளி வைப்பேன். எறும்பு கடித்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கண் படத்தின் ஓரத்தைத் தாண்டி இடப்பக்கமாக வெளியே போவதைப் பார்த்துச் சின்ன டொக்டர் துள்ளிக் குதித்தார். கைதேர்ந்த கண் படத்துக்கு வெளியிலும் எதையோ தேடுகிறது, இதை உலகத்தில் யாரும் எழுதவில்லை என்றார். இரண்டு நாள் அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதினார். எனக்குப் புள்ளி வைக்கத் தாள் போதாமல் சுவரிலேயே வைத்தேன். பிறகு அந்தப் படத்தைப் படித்த மணியைக் கொப்பியில் பார்த்தேன்.

"சேர், தப்பா நெனைக்காதீங்க. அது பத்து மணி. தேத்தண்ணி கொண்டு வர்ற அம்மா அந்தப் பக்கமாத்தான் உள்ள வருவாங்க."

சின்ன டொக்டர் மூன்று பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டார். படம் படிக்கும் அறையில் நான் வாயே திறக்கக் கூடாது. தேத்தண்ணியும் உள்ளே வரக் கூடாது. "பேச்சுச் சத்தம் கேட்டா சேர்ட கண் அந்தப் பக்கம் ஓடுது."

பேசாமல் இருப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமான வேலை இல்லையே. சரியென்றேன்.

அடுத்த திங்கட்கிழமை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ராமையா, அவர் பெண்சாதி செல்லம்மா, இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. செல்லம்மாவுக்கு இரண்டு மாசமாக இருமல். வியாழக்கிழமை காலையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறார்கள். போவதற்கு முன்னால் நெஞ்சைப் பார்த்து அனுப்பச் சொல்லித் தோட்டத்து மருந்துக்காரர் கடிதம் கொடுத்திருந்தார். சளி எடுத்துப் பார்க்க நாள் போதாது. படம் மட்டும்தான்.

செல்லம்மா தலையில் துண்டு போட்டுக் காதோடு இறுக்கிக் கட்டியிருந்தாள். அன்றைக்கு என்னவோ எனக்குக் கடமை ஞாபகம் வந்தது.

"தங்கச்சி, பின்னலத் தூக்கி மேல கட்டிக்க."

"எதக் கட்டச் சொல்றீங்க?"

"முடியத்தான்."

அவள் துண்டை அவிழ்த்தாள். மொட்டை. காதோரம் சந்தனம் கூட இன்னும் போகவில்லை.

"என் முடி கதிர்காமத்துல இருக்குண்ணே. நீங்க போயி வாங்கிட்டு வாங்க, நான் கட்டிக்கிறேன்."

வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் சிரித்தார்கள். ராமையா மட்டும் சிரிக்கவில்லை. "கப்பலேறிட்டா திரும்பி வர மாட்டோமுங்களே. முருகனுக்குக் குடுக்க வேண்டியத இங்கயே குடுத்துட்டுப் போயிருவோம்னுதான்" என்றார். நான் படத்தை எடுத்தேன், கழுவினேன், காயப் போட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. படம் படிப்பது என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் படத்தை மெசினுக்குள் வைத்தேன். பெரிய டொக்டர் கட்டையைக் கடித்துக்கொண்டு மற்றப் படங்களைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார். பிறகு கடைசி எழுத்தை இழுத்து, "ம்ம்...?" என்றார். நான் குனிந்து கட்டையைப் பார்த்தேன். எறும்பு இல்லை. சின்ன டொக்டர் கெமராவுக்குப் பின்னால் உதட்டில் விரல் வைத்து என்னை எச்சரித்தார். பெரிய டொக்டர் கொஞ்ச நேரம் பொறுத்தார். நான் பேசவில்லை.

ஒரு விரலைக் காட்டினார். நான் "1" என்று எழுதினேன். மத்தியானம், நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று கையெழுத்திட்ட கடதாசியை வாங்க ராமையா வந்தார். இரண்டு கையாலும் வாங்கி, பாஸ்போர்ட்டுக்குள் வைத்து, பாஸ்போர்ட்டைத் துணிப்பைக்குள் வைத்து, பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை மத்தியானம் இருட்டறையில் அந்தப் படத்துக்குப் புள்ளி வைத்தேன். கண் வழக்கம் போல் இதயத்தைச் சுற்றியது. இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது. பிறகு மேலே காரை எலும்புக்குப் போய் நின்றது. கீழே இறங்கியது. திரும்ப அங்கேயே போனது. இன்னொரு தடவை இறங்கியது, இன்னொரு தடவை அங்கேயே. நான் புள்ளிக்கு மேல் புள்ளி வைத்ததில் எண்ணெய்த் தாள் அந்த இடத்தில் கிழிந்துவிட்டது.

சின்ன டொக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாருங்க அண்ணன்! கண் அந்த எடத்த விடுதே இல்ல. ஆனா சேர் ஒண்ணும் இல்லன்னு விரல் காட்டியிருக்கார். கண் கண்டிருக்கி, ஆள் காணல்ல. இதத்தான் நான் தேடிட்டு இருந்தேன்!"

நான் தாளின் மூலையில் இருந்த நம்பரைப் பார்த்தேன். கொப்பியில் அந்த நம்பருக்கு நேராக இருந்த பெயரைப் பார்த்தேன். அந்த "ம்ம்...?" என்ன கேள்வி என்று அப்போதுதான் புரிந்தது. ஏழு வருஷமாக என் காதில் விழுந்த அதே கேள்விதான். வாயில் கட்டை இருந்ததால் எழுத்து இல்லாமல் வந்திருக்கிறது. நானும் ஏழு வருஷமாகச் சொன்ன அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். பேசாமல் இருந்தேன். பின்னல் என்று முடிவு செய்துவிட்டார்.

"சேர், இதப் பெரிய டொக்டர்கிட்ட இப்பவே சொல்லணும்."

"ஐயோ, ஏலாது! இன்னும் ஒரு கிழமைப் படம் பாக்க ஈக்கி. கண் எங்க போகுதுன்னு சொல்லிட்டா, நாளைக்கு அவர் கண் வேற மாதிரி ஓடும். மூணு கிழமை வேலை நாசம். அடுத்த புதன்கிழமை சொல்லுவோம்."

"நாளைக்குக் காலைல ரயிலுங்க."

"யாருக்கு?"

"இந்தப் புள்ளிக்குங்க."

சின்ன டொக்டர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்தது நம்பர் போட்ட தாள், பெயர் என் கொப்பியில் இருந்தது. "பின்னலா ஈக்குமே அண்ணன். சேருக்குத் தெரியாததா?" என்று சாந்தமாகவே கேட்டார்.

பிள்ளைகளே, நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். சும்மா இருக்க எனக்கு நல்ல நல்ல காரணங்கள் இருந்தன. நான் எட்டாம் வகுப்பு. அவர் நெஞ்சு டொக்டர். கையெழுத்துப் போட்ட கடதாசியைப் பிழை என்று சொல்வது லேசான காரியமா? சொன்னால், ஏன் உன் பேச்சில்லாமையை அவர் பின்னல் என்று எடுத்துக்கொண்டார் என்று கேட்பார்கள். ஏழு வருஷமாக எத்தனை பின்னலைக் கட்டாமல் விட்டேன் என்று சொல்ல வேண்டி வரும். வேலை போனாலும் போகும். அப்போது என் மகளுக்கும் இரண்டு வயது. செல்லம்மாவின் குழந்தை மாதிரியே அவளும் வீட்டில் அம்மாவின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தாள். அதை நினைத்துச் சும்மா இருக்கவும் தோன்றியது. அதையே நினைத்துப் பேசவும் தோன்றியது.

காலையில் வேறு வேலை இருந்ததால் அன்றைக்கு இரண்டு மணிக்குத்தான் பெரிய டொக்டர் வந்து உட்கார்ந்து பட்டியை மாட்டினார். கட்டையைக் கடித்தார். கெமரா ஓடத் தொடங்கியது. நான் அன்றைக்குரிய முதல் படத்தை வைப்பதற்குப் பதிலாக, கொப்பிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த செல்லம்மாவின் படத்தை எடுத்து வைத்தேன்.

"அண்ணன்! அது நேத்து உள்ளதே!" என்றார் சின்ன டொக்டர்.

நான் அவரைப் பார்க்கவில்லை. "ஐயா, இந்தப் படத்தை இன்னொருக்காப் பாருங்க. நேத்து நீங்க கேட்டது எனக்கு வெளங்கலைங்க."

பெரிய டொக்டர், "ம்ம்...?" என்றார்.

"மயிர் இல்லைங்க ஐயா!"

பயத்தில் சத்தம் எனக்கே தெரியாமல் பெரிதாக வந்துவிட்டது. வெளியில் வரிசையில் பேச்சு நின்றுபோனது. பெரிய டொக்டரைப் பார்த்து எக்ஸ்ரே ஆள் வைகிறான் என்று யாரோ யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. "இந்தப் புள்ளைக்கு மொட்டைங்க. கதிர்காமத்துல எடுத்துட்டாங்க. பின்னலும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் பேசாம இருந்துட்டேன்."

அவர் படத்தைப் பார்த்தார். இரண்டு விரலைத் தூக்கினார். பிறகு மற்றக் கையிலும் இரண்டு விரலைத் தூக்கினார். பிறகு எழுந்தார். நெற்றிப் பட்டியைக் கழற்ற மறந்துவிட்டார். மெசினும் அவரோடு எழுந்தது. கதவுக் கீல் கழன்று, சைக்கிள் லைட் விழுந்து உடைந்து, திரைச்சீலைக் கம்பி காதில் தொங்க நின்றுகொண்டு கட்டையைத் துப்பினார்.

"ஐசே, அந்தப் பிள்ளை இப்ப எங்கை?"

அவர் எழுதித் தந்த கடிதத்தோடு தெமோதரைக்கு பஸ் பிடித்தேன். இறங்கி, தேயிலைக்குள் ஏறுகிற குறுக்குப் பாதையில் நடந்து அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு தகரப் பெட்டிகள் கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் பயணம் சொல்ல வந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும், பயணம் சொல்லத்தான் நானும் வந்திருக்கிறேன் என்று நினைத்து ராமையா ஸ்டூலை எடுத்துப் போட்டார். உட்காராமல் விஷயத்தைச் சொன்னேன்.

"நேத்து ஒண்ணும் இல்லைன்னு கடதாசி குடுத்தீங்க" என்றார் ராமையா. "இன்னைக்கு இருக்குன்னு வந்து நிக்கிறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க? செக்ரோல்ல பேர வெட்டியாச்சு, இனி தோட்டத்துல வேலை இல்ல. குடியிருக்கிற காம்பிராச் சாவிய நாளைக்குக் குடுக்கணும். நாங்க எங்க போயி நிக்கிறது?"

"தப்பு என்னோடதுங்க."

"உங்களுக்கென்னங்க, தப்புன்னு சொல்லிட்டு பஸ் ஏறிப் போயிருவீங்க."

அவர் சொன்னது நியாயம். எனக்குப் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாவிட்டால் பேசாமல் நிற்கிற பழக்கம்தானே இவ்வளவுக்கும் காரணம். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பின்னல், கட்டை, எறும்பு, "ம்ம்", எல்லாம். கதையில் எறும்பு வந்தபோது பக்கத்து வீட்டுக் கிழவர் சிரித்துவிட்டார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். செல்லம்மா சிரிக்கவில்லை.

"அப்ப நீங்க வாயத் தொறக்காததுனால நான் கப்பலேறப் போனேனா?"

"ஆமா தங்கச்சி."

"இந்த நோயி இவளுக்கும் ஒட்டுமா?" மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒட்டலாம். மருந்து எடுத்தா ஒட்டாது. மருந்துக்கு மாசக் கணக்காகும். போற எடத்துல யாரு குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியல. இங்க நாங்க குடுப்போம்."

செல்லம்மா புருஷனைப் பார்க்கவில்லை. பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே, "கயித்த அவுத்துருங்க" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் அவர்கள் ரயிலுக்குப் போகாமல் எங்களிடம் வந்தார்கள். இன்னொரு படம் எடுத்தேன். பெரிய டொக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டச் சொல்லி, ஆறடி தள்ளிப் போய் நின்றார். கிட்ட வந்தார். திரும்பாமலே கேட்டார், "மயிரோ?"

"இல்லைங்க ஐயா."

நோய்தான். சளியும் எடுத்து அனுப்பினோம், சில நாள் கழித்து அதிலும் அதுவே வந்தது. அன்றைக்கே படத்தைக் காட்டி அவர் செல்லம்மாவுக்கு விளக்கினார். அவள் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "முந்தா நேத்தும் இந்த நெஞ்சத்தானே பாத்தீங்க? அந்த மெசினு பாக்கலையா?" என்றாள்.

"மெசினும் பாத்தது, பிள்ளை. என்ர கண்ணும் பாத்தது. நான்தான் பாக்கேல்லை."

என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோட்டத்தை நடத்தும் துரைக்கு அவரே கடிதம் எழுதினார். ராமையாவுக்குக் கைக்காசுக்கு நாட்கூலி வேலையும், செல்லம்மாவின் அக்காள் வீட்டில் தங்க அனுமதியும் கிடைத்தன. பயணத் தேதியையும் தள்ளிப் போட்டார்கள்.

சின்ன டொக்டர் மெசினைத் திரும்பப் பூட்ட நாலு நாள் எடுத்தார். செல்லம்மாவின் படத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார், உதவியாளர் குறுக்கிட்டுவிட்டார் என்று எழுதி அதை நீக்கினார். அது அவருடைய முறை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த "ம்ம்" என்ன என்று கேட்டார். பேசினால் நோய், பேசாவிட்டால் பின்னல் என்கிற கதையை முழுக்கச் சொன்னேன். பேனையை எடுத்துத் தன் படிவத்தை விரித்தார். அதில் படத்துக்கு ஒரு கட்டம், கண்ணுக்கு ஒரு கட்டம், முடிவுக்கு ஒரு கட்டம் இருந்தன. "இத எந்தக் கட்டத்துல போடுறது அண்ணன்?" என்றார்.

பெரிய டொக்டர்மார் உங்களிடமும் பாதிக் கேள்விதான் கேட்பார்கள். சில நாள் கேட்கவே மாட்டார்கள். படம் எடுத்தபோது அந்த ஆளை நேரில் பார்த்தது நீங்கள். மொட்டையா, பின்னலா, நின்றாரா, சாய்ந்தாரா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மறந்ததை மறந்தேன் என்று சொல்லுங்கள். பின்னலைக் கட்டச் சொல்லுங்கள், பதினோராவது ஆளுக்கும்.

செல்லம்மா ஒரு நாள் தவறாமல் மருந்து எடுத்தாள். அடுத்த வருஷம் கடைசிப் படம் எடுக்க வந்தாள். பெரிய டொக்டர் பார்த்துவிட்டு, சுகம், இனிப் பயணம் போகலாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் கடதாசியை ராமையாவிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டினார். செல்லம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"டொக்டரு சொல்லிட்டாரு. நீங்க சொல்லுங்கண்ணே."

"அதான் கடதாசியில எழுதியிருக்கே தங்கச்சி."

"போன தடவையும் எழுதித்தான் இருந்துச்சு. வாயத் தொறந்து சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் படத்தை மறுபடி விளக்குப் பெட்டியில் மாட்டினேன். காரை எலும்பிலிருந்து கீழ் வரைக்கும் என் கண்ணால் ஒரு தடவை பார்த்தேன்.

"நெஞ்சுல ஒண்ணும் இல்ல தங்கச்சி" என்றேன்.

அதற்குப் பிறகுதான் கடதாசியை வாங்கினாள்.